மூன்றாவது அலுமாரி

வட்டக்கச்சி
04.07.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேனுகா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் நோவு குறையவில்லை. அப்பா நல்ல சுகம். இங்கே கட்டுகிற உங்கள் புது வீட்டு மேசன்மாரை அவர் ஏசுகிற சத்தம் சந்தி வரைக்கும் கேட்கிறது. அங்கே அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. குரல்பதிவு அனுப்பினால் நீங்கள் கார் ஓடிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கப் போட்டுவிடுகிறீர்கள். இது உங்களுக்கு மட்டும். தனியாக இருக்கும்போது வாசியுங்கள்.

அலுமாரி விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் நீங்கள் வந்து புது வீட்டுக்குக் குடிபூரலுக்கு முன்னர் மூன்று பழைய அலுமாரிகள் வேண்டும் என்று அண்ணி கேட்டிருந்தார். குசினிக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, முன் ஹோலில் வருகிறவர்களின் கண்ணைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி ஒன்று. இருபத்தாறு படங்களும் அனுப்பியிருந்தார். அந்தப் படங்களில் ஓர் அலுமாரிக்குள்ளும் உடுப்பு இல்லை. ஒரு பூச்சாடி, இரண்டு புத்தகம். இங்கே யாரும் பூச்சாடி வைக்க அலுமாரி செய்ததில்லை என்று அண்ணியிடம் சொல்லுங்கள். சொல்லமாட்டீர்கள், தெரியும்.

வேலைக்கு அரைநாள் லீவு போட்டு, பரந்தனுக்கு இந்தப் பக்கம் உள்ள மயில்வாகனத்தின் கொட்டிலுக்குப் போனேன். பழைய தளபாடம் வாங்கி விற்கிறவர். தகரக் கூரையின் கீழ் நூறு அலுமாரிக்குக் குறையாது. நிமிர்த்தியும் படுத்தியும் ஒன்றின் மேல் ஒன்றாகவும் அடுக்கி வைத்திருக்கிறார். எல்லாம் யாரோ ஒருவரின் வீட்டில் நின்றவை. ஒன்றின் கதவில் ஒரு பிள்ளையின் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. பொலிஷ் அடிக்கிறவர் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பழசு பார்க்க நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முன்பக்கத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. லாச்சியை வெளியே இழுத்து அதன் அடியைத் தடவ வேண்டும். கைச்சீவுளி ஓடிய மரம் மேடு பள்ளமாகக் கையில் தட்டுப்படும். மெசினில் அறுத்த பலகை வழுக்கும். கதவுப் பிணைச்சலில் நட்சத்திரத் தலைத் திருகாணி இருந்தால் சந்தேகப்பட வேண்டும். புது மரத்துக்குத் தேயிலைச் சாயமும் கழிவு ஒயிலும் பூசி, சங்கிலியால் அடித்து வயது ஏற்றுகிறார்கள். நான் லாச்சியை இழுத்துக் கவிழ்த்ததைப் பார்த்து மயில்வாகனம், “தங்கச்சி பொம்பிளை பாக்க வந்த மாமியார் மாதிரி எல்லோ நிக்கிறா” என்று பகிடி விட்டார்.

ஒரு பாலை மர அலுமாரியின் பக்கத்தில் விரல் போகிற அளவு ஓட்டை. வண்டு துளைத்ததோ என்று கேட்டேன். “இல்லைத் தங்கச்சி, சண்டைக்குள்ள செல் பீஸ் பட்டது. அடைக்காமல் விடட்டோ? வெளிநாட்டு ஆக்கள் இதைத்தான் கேட்டு வாங்கினம்” என்றார். செல் விழுந்த நேரம் இந்த அலுமாரிக்குப் பக்கத்தில் யார் நின்றது என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது, ஆனால் மரம் நல்ல பாலை, உளுவே பிடிக்காது என்றார். நான் அடுத்த அலுமாரிக்குப் போனேன்.

இரண்டைத் தெரிவு செய்துவிட்டேன். குசினிக்குக் கம்பிவலை அலுமாரி. எறும்பு ஏறாமல் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் வைத்து வைத்து, நான்கு காலின் நுனியும் கறுத்து இற்றிருக்கின்றன. அந்த இற்றலை யாராலும் பொய்யாகச் செய்ய முடியாது, அதனால் நம்பி எடுத்தேன். படுக்கையறைக்கு இரட்டைக் கதவுத் தேக்கு அலுமாரி.

மூன்றாவதுதான் பிரச்சினை. மயில்வாகனம் பேஸ்புக்கில் போட்ட படங்களில் ஒன்றைப் பார்த்து “இது எங்கட அலுமாரி” என்று நீங்கள் எழுதினீர்கள். நானும் பெருப்பித்துப் பார்த்தேன். முதிரை மரம், நீள்வட்டக் கண்ணாடி, கீழ் மூலையில் நீங்கள் கிரிக்கெட் பந்தால் அடித்த கீறல். அதேதான். அம்மாவுக்குச் சீதனமாகச் சாவகச்சேரியில் செய்வித்து, ஆனையிறவால் லொறியில் ஏற்றி வந்தது. கடைசிச் சண்டையில் விசுவமடுவில் பாலை மரத்தின் கீழ் நாங்கள் விட்டுவிட்டு ஓடியது.

ஆனால் அது கொட்டிலில் இல்லை. மயில்வாகனம் வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்து, முதலில் படத்தை விற்கிறார். சாமானைப் பிறகுதான் எடுக்கிறார். அலுமாரி வட்டக்கச்சியிலேயே ஒரு வீட்டில் நிற்கிறதாம். யார் வீடு என்று சொல்ல மறுக்கிறார். “வீட்டுக்காரி கொஞ்சம் இழுக்கிறாள், வழிக்குக் கொண்டு வாறன்” என்றார். வழிக்கு என்றால் என்ன வழி என்று கேட்டேன். சிரித்தார்.

சாவியை அம்மாவிடம் வாங்கி வைக்கச் சொன்னீர்கள். கேட்டேன். அது முள்ளிவாய்க்காலில் போய்விட்டது என்று அம்மா சொன்னார். நான் கேட்டு முடிக்க முன்னரே சொன்னார். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், ஏற்கெனவே கழுவிய பானையைத் திரும்பவும் கழுவினார்.

வீட்டைக் கண்டுபிடித்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்
மேனுகா


வட்டக்கச்சி
08.07.2025

அண்ணா,

நேற்று இரவு நீங்கள் அப்பாவோடு கதைத்தது எனக்கும் கேட்டது. “எங்கட அலுமாரியை நாங்களே காசு குடுத்து வாங்கிறதோ? களவெடுத்தவையைப் பொலிசில குடுங்கோ” என்றீர்கள். அப்பா வெள்ளிக்கிழமைக்கு மயில்வாகனத்தின் லொறியைச் சொல்லிவிட்டார். தராவிட்டால் அப்படியே பொலிசுக்குப் போவதாம். ஆகவே இந்தக் கடிதத்தை முழுவதும் வாசியுங்கள். இன்றே வாசியுங்கள்.

அது யாருடைய வீடு என்று உங்களுக்குத் தெரியாமல் அப்படிச் சொன்னீர்கள் என்று நினைக்க விரும்புகிறேன்.

படத்தில் அலுமாரிக்குப் பின்னால் பூசாத கல் சுவரும், யன்னலை மூடிய நீலத் தறப்பாளும் தெரிந்தன. எங்கள் வீதியில் தறப்பாள் கட்டிய யன்னல் ஒன்றுதான். எங்கள் வயலின் கடைசி வரம்பில், மதகுக்குப் பக்கத்தில், ராக்காயி அக்காவின் வீடு.

பிறந்ததிலிருந்து அந்த வீட்டைப் பார்க்கிறேன். ஒருநாளும் உள்ளே போனதில்லை. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அப்பா வேலிப் படலையில் நின்று சைக்கிள் மணியை அடிப்பார். நானும் அந்த மணியைத்தான் அடித்திருக்கிறேன். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்து, காடு வெட்டி, நாற்பது வருடம் எங்கள் வயலில் குனிந்து நின்ற மனிசி. குடியிருக்கிற துண்டுக்கு இன்னும் காணிப் பெர்மிற் இல்லை. அப்பா இன்றைக்கும் அவர்களைச் சொல்லுகிற சொல் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் இந்தத் தாளில் எழுதமாட்டேன்.

முதல்முறையாக மணி அடிக்காமல் படலையைத் திறந்துகொண்டு போனேன். ராக்காயி அக்காவின் மகள் கஜேந்தினி அக்கா, உங்களோடு ஒரே வகுப்பில் படித்தவர், தையல் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “என்ன, ஆள் மாறி ஆள் வாறியள்? போன கிழமை மயில்வாகனம், இண்டைக்கு நீரோ?” என்றார். விற்கச் சம்மதித்தீர்களா என்று கேட்டேன். “ஆர் சம்மதிச்சது? படம் எடுக்கட்டோ எண்டு கேட்டான். பிள்ளையளையும் சேர்த்து எடுக்கப்போறான் எண்டு தலை சீவி விட்டனான். பிள்ளையளை வெட்டிப்போட்டு அலுமாரியை மட்டும் போட்டிருக்கிறான்.”

அந்த அரசாங்க வீட்டுத் திட்ட வீடு பாதியில் நின்று போனது. வாசலுக்குக் கதவு இல்லை, சீலைதான் தொங்குகிறது. அந்த வீட்டில் பூட்டக்கூடிய பொருள் அலுமாரி ஒன்றுதான், அண்ணா. கஜேந்தினி அக்கா கழுத்துச் சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றித் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு, பள்ளிக்கூடப் புத்தகம், ஒரு பிஸ்கட் தகரத்தில் முகாம் அட்டையும் காணிக்கு விண்ணப்பித்த துண்டுகளும். பதினொரு துண்டுகள். மேல்தட்டில் அவர் தகப்பன் பரமேஸ்வரனின் அடையாள அட்டை மட்டும் தனியாக இருந்தது.

நான் பார்த்தது சாவியைத்தான். அதில் அம்மாவின் கூறைச்சேலைக் கரையில் கிழித்த சிவப்புத் துண்டு முடிந்திருந்தது. சின்ன வயதில் நான் சப்பித் திரிந்த துண்டு. நூல்தான் மிச்சம்.

ராக்காயி அக்காதான் சொன்னார். “முகாமுலருந்து திரும்பி வந்த வருசம், ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல, வெசுவமடுவுல பால மரத்தடியில கெடந்துச்சு பாப்பா. ஆப்பைத் தட்டிக் கழட்டி, கதவு ஒருவாட்டி, பக்கப் பலக ஒருவாட்டின்னு சைக்கிள்ல ஏழு வாட்டி கொண்டாந்தோம். அம்மாகிட்டப் போயி, உங்க சாமான் வந்துருக்கு, எடுத்துக்கிறீங்களான்னு கேட்டேன். உள்ள போயி சாவியக் கொண்டாந்து கையில வச்சுட்டாங்க.”

பதினான்கு வருடம் அம்மாவுக்குத் தெரியும்.

ஏன் கொடுத்தார் என்று கேட்டேன். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. போகவில்லை.

2009 தை மாதத்தில் எனக்குப் பத்து வயது. நீங்கள் பத்தொன்பது. அந்த நாளில் எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் அலுமாரியோடு முதுகை ஒட்டிக்கொண்டு நான் இருந்தேன். கண்ணாடி உடையாமல் அதற்கு மட்டும் இரண்டு மெத்தை கட்டியிருந்தது. மதகடியில் பரமேஸ்வரன் மாமா காலில் காயத்தோடு சாக்கில் படுத்திருந்தார். ராக்காயி அக்கா ஓடிவந்து, அவரை மட்டுமாவது ஏற்றச் சொல்லிக் கேட்டார். இடமில்லை என்றார் அப்பா. நீங்கள் ஓட்டுகிற இருக்கையிலிருந்து திரும்பி, “அடுத்த நடை வாறன், இதிலேயே நில்லுங்கோ” என்றீர்கள். அதன் பிறகு என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பாதை பூட்டியிருக்கும், செல்லடித்திருக்கும், உங்களால் வர முடியாமல் போயிருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

கஜேந்தினி அக்கா சத்தம் போடாமல் சொன்னார். “உம்மட அண்ணர் வந்தவர், மேனுகா. அடுத்த நாள் மத்தியானம் வந்தவர். எங்களைத் தாண்டித்தான் உங்கட வளவுக்குப் போனவர். வரேக்க ஏத்துவார் எண்டு அப்பாவைத் தூக்கி ரோட்டுக் கரைக்குக் கொண்டந்து வைச்சனாங்கள். கூரைத் தகரமும் நிலையும் கதவும் ஏத்திக்கொண்டு வந்தவர். பக்கத்தில உங்கட அப்பா. நான் கை காட்டினனான். அவர் நேர பாத்துக்கொண்டு போட்டார்.”

அன்று பின்னேரம் அந்த இடத்திலேயே செல் விழுந்து பரமேஸ்வரன் மாமா செத்துப்போனார். வேறு இரண்டு உழவு இயந்திரக்காரர்கள் முதல் நாளே ஏறச் சொல்லிக் கேட்டார்களாம். செந்தூரன் தம்பி வருவார் என்று உங்களை நம்பிச் சொல்லி ராக்காயி அக்கா அனுப்பிவிட்டாராம்.

எல்லோரும்தான் தகரம் கழற்றினார்கள். போகிற இடத்தில் கூரை வேண்டும் என்று வன்னி முழுவதும் தகரத்தையும் கதவையும் சுமந்துகொண்டு ஓடியது. அது எனக்குத் தெரியும். உங்களுக்குப் பத்தொன்பது வயது, பக்கத்தில் அப்பா, அதுவும் தெரியும். அதற்காக நான் உங்களை ஏசவில்லை. ஆனால் இப்போது உங்களுக்கு முப்பத்தைந்து. பக்கத்தில் அப்பா இல்லை. அவர்களைக் களவெடுத்தவர்கள் என்று சொன்னது நீங்கள்தான்.

இந்த அலுமாரியைப் புது வீட்டு ஹோலில் வைத்து, சண்டையில் தப்பிய அலுமாரி என்று வருகிறவர்களுக்குக் காட்டப் போகிறீர்கள். எதிலிருந்து தப்பியது என்று அவர்களுக்குச் சொல்வீர்களா?

வெள்ளிக்கிழமைக்கு முன்னர் அப்பாவுக்குப் போன் அடித்து, வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார். அம்மா வாயே திறக்கிறாரில்லை. நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும்.

மேனுகா


வட்டக்கச்சி
12.07.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன கடிதத்துக்கு இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் வரவில்லை. அப்பாவுக்கும் நீங்கள் போன் அடிக்கவில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். வேலையிடத்தில் ஏச்சும் வாங்கினேன்.

நேற்று நடந்ததை யாராவது உங்களுக்கு வேறு மாதிரிச் சொல்ல முன்னர் நான் சொல்லிவிடுகிறேன்.

காலை எட்டு மணிக்கு மயில்வாகனம் சின்ன லொறியோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். அப்பா வேட்டியும் சால்வையும், கோயில் கூட்டத்துக்குப் போகிற மாதிரி. நான் முன்னால் ஓடிப்போய் ராக்காயி அக்காவின் வாசலில் நின்றுகொண்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அப்பா படலையில் நின்று பழக்கத்தில் சைக்கிள் மணியை அடித்தார். கஜேந்தினி அக்கா வெளியே வந்து, “ஐயா, உங்கட சாமானெண்டா உள்ள வந்து தூக்குங்கோ” என்றார். அப்பா அசையவில்லை. தான் அதற்குள் வரத் தேவையில்லை, ஆட்கள் எடுப்பார்கள் என்றார். “அவங்கள் வேண்டாம். நீங்கள் வாங்கோ. வந்து எங்கட வீட்டில கால் வைச்சுத் தூக்குங்கோ” என்றார் கஜேந்தினி அக்கா. வீதியில் சனம் கூடிவிட்டது. மயில்வாகனம் தன் ஆட்களுக்குத் தலையைக் காட்டினார். அவர்கள் சீலையை விலக்கி உள்ளே போனார்கள். நான் ஒருவரின் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைத் தள்ளியதில் சுவரோடு மோதினேன். தோள்மூட்டு இன்னும் நீலமாக இருக்கிறது.

அப்போதுதான் அம்மா வந்தார். அந்த முழங்காலோடு, தடி இல்லாமல், வயல் வரம்பால் நடந்து வந்திருக்கிறார். சேறு கணுக்கால் வரை. மூச்சு வாங்கியபடி அப்பாவைத் தாண்டிப் படலைக்குள் போய், அந்த ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: “வையுங்கோடா கீழ. அது என்ர சீதனம். குடுத்தது நான். சாவியும் நான்தான் குடுத்தனான். பொலிசில எழுதிறதெண்டா இராசேஸ்வரி எண்டு எழுதச் சொல்லுங்கோ.”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவர் பக்கம் திரும்பி, “தகரத்துக்கு இடமிருந்தது” என்றார். அவ்வளவுதான்.

வீதியில் நின்ற சனத்துக்கு அது விளங்கியதோ தெரியாது. அப்பாவுக்கு விளங்கியது. சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓடவில்லை. மயில்வாகனம் லொறி வந்த கூலியை யார் தருவது என்று முணுமுணுத்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவரும் போய்விட்டார்.

அம்மா அந்த வீட்டுக்குள் போய் நிலத்தில் இருந்தார். கதிரை கொண்டுவந்து போட்டார்கள், வேண்டாம் என்றார். ராக்காயி அக்கா தேத்தண்ணீர் கொடுத்தார். குடித்தார். அலுமாரிக் கண்ணாடியில் இருவரும் தெரிந்தார்கள், நடுவில் உங்கள் கீறல்.

இப்போது வீட்டில் அப்பா அம்மாவோடு கதைப்பதில்லை. தானே குசினிக்குப் போய்ப் போட்டுச் சாப்பிடுகிறார். மேசன்மாரையும் ஏசுவதில்லை. அவர்களுக்கு அது பயமாக இருக்கிறதாம். என்ன நடந்தது ஐயாவுக்கு என்று என்னைக் கேட்கிறார்கள்.

கம்பிவலை அலுமாரியும் தேக்கு அலுமாரியும் வேறு லொறியில் வந்துவிட்டன. இரண்டும் நல்லவை, அண்ணிக்குப் பிடிக்கும். ஹோல் சுவரில் அலுமாரிக்கென்று விட்ட இடம் அப்படியே கிடக்கிறது. அதற்கு நான் வேறொன்று பார்க்கமாட்டேன். நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணி கேட்டால் என்ன சொல்வது என்பதையும் நீங்களே யோசியுங்கள். அந்த வேலையை இனி எனக்குத் தராதீர்கள்.

நேற்று நான் வெளிக்கிடும்போது ராக்காயி அக்கா, “தம்பி எப்ப வர்றாரு?” என்று கேட்டார். ஆவணியில் என்றேன். “வரட்டும்” என்றார். அதில் கோபம் இருந்ததா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. கஜேந்தினி அக்கா அலுமாரியைப் பூட்டிச் சாவியைச் சங்கிலியில் கொழுவிக்கொண்டு வேலைக்குப் போனார். அரைநாள் சம்பளம் வெட்டிவிட்டார்களாம்.

அம்மா உங்களுக்கு எழுதச் சொன்னது ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு இங்கத்தைய வெயில் பழக்கமில்லை, தொப்பி கொண்டு வரட்டும்.

நான் எழுதுவதும் ஒன்றுதான். கட்டுநாயக்கா ஏர்போட்டிலிருந்து வான் பிடித்து வரும்போது, எங்கள் வீட்டுக்குத் திரும்ப முன்னர் மதகு வரும். இப்போது அதைப் புதிதாகக் கட்டி வெள்ளை அடித்திருக்கிறார்கள், தவறாது. நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். வானுக்குள் எத்தனை பெட்டி இருந்தாலும், பக்கத்தில் யார் இருந்து என்ன சொன்னாலும், அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், அண்ணா.

இந்த நடையாவது நிறுத்துங்கள்.

உங்கள் தங்கை
மேனுகா